முதியோருக்கு ஏற்ற செடி மீன் தொட்டி: அமைப்பதும் பராமரிப்பதும்

சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் ஏரிகள் நிறைந்த பகுதி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்று சொல்லிக்கொண்டே போகலாம். இந்தத் தண்ணீரில் நெல்லும் பூவும் கீரையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்த பிறகு இந்த மாற்றம் வேகம் பிடித்தது. விடிந்ததும் மடை திறக்கப் போன பெரியவர்கள் பலர் இன்று முன்கூடத்து நாற்காலியில் பொழுதைக் கழிக்கிறார்கள். நிலம் இன்னும் கையில் இருக்கிற வீடுகளிலும் முழங்கால் வலி வந்துவிட்டால் வரப்பில் நடக்க முடிவதில்லை. பயிரைப் பார்த்தே பழகிய கண்ணுக்குப் பார்க்க எதுவும் இல்லாமல் போகிறது.

இத்தகைய பெற்றோருக்குப் பிள்ளைகள் மீன் தொட்டி வாங்கித் தருவது உண்டு. பெரும்பாலும் அது ஒரு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும், இரண்டு தங்க மீனும், ஒரு பிளாஸ்டிக் செடியுமாக இருக்கும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மீன் செத்து மிதக்கும். தான்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக அந்த அம்மா மனம் நோவார். கிண்ணம் பரணுக்குப் போய்விடும். உண்மையில் தவறு அந்த அம்மாவுடையது அல்ல. அப்படிப்பட்ட கிண்ணத்தில் மீன் பிழைப்பதே அரிது. உயிருள்ள செடிகளை அடர்த்தியாக நட்டு, முறையாகத் தயார் செய்த தொட்டியில் வேலையின் பெரும்பகுதியைச் செடிகளே பார்த்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு சிட்டிகை தீனி போடுவதும் பார்த்துக்கொண்டிருப்பதும் மட்டுமே மிஞ்சும்.

பார்த்துக்கொண்டிருப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி எட்வர்ட்ஸ், ஆலன் பெக் ஆகிய இருவர் மறதி நோயுள்ள 62 முதியோர்களின் சாப்பாட்டுக் கூடத்தில் மீன் தொட்டி வைத்துப் பார்த்து, அதன் முடிவை 2002-ம் ஆண்டில் வெளியிட்டனர். முதியோர் உண்ணும் அளவு கூடியது. 16 வாரங்களில் சராசரியாக முக்கால் கிலோ எடை ஏறியது. சாப்பாட்டில் நாட்டமில்லாத பெரியவரை வைத்திருக்கும் வீட்டாருக்கு இதன் அருமை புரியும்.

மீன் ஏன் சாகிறது?

விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. பச்சைச் சாணத்தைச் செடியின் தூரில் கொட்டினால் செடி கருகும். மக்கிய சாணம் உரமாகும். தொட்டியிலும் இதே கதைதான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியாவாகின்றன. இது மீனின் செவுளைப் புண்ணாக்கும் நஞ்சு. நல்ல பாக்டீரியாக்கள் இந்த அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு ஆபத்தானதே. நைட்ரேட் அளவோடு இருந்தால் கெடுதி இல்லை. செடிக்கு அது தழைச்சத்து. வயல் மண்ணில் நடக்கும் அதே மாற்றம் கண்ணாடிக்குள் நடக்கிறது. ஆனால் புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா இருப்பதில்லை. அது பெருகுவதற்கு 3 முதல் 5 வாரங்கள் ஆகும். கடையிலிருந்து தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வந்தால் மீன் சாவதன் காரணம் இதுவே.

செடிகள் அடர்ந்திருந்தால் நிலைமை மாறும். நெற்பயிரைப் போலவே நீர்த்தாவரங்களில் பலவும் அமோனியா வடிவிலுள்ள தழைச்சத்தையே முதலில் எடுத்துக்கொள்கின்றன. நஞ்சாக வேண்டியது இலையாகிவிடுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் இரண்டு சிறு தங்க மீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் வைத்துப் பார்த்து, 1850-ம் ஆண்டில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியபோது குளத்து நத்தைகளை விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன; தண்ணீர் தெளிந்தது. அவர் பயன்படுத்திய வாலிஸ்னேரியா நம் நாட்டுக் குளங்களிலும் கால்வாய்களிலும் நாடா போல நீண்டு ஆடும் செடிதான். இங்கே களை என்று வாரிப் போடுவதைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

தொட்டியும் இடமும்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி முதியோர் வீட்டுக்குப் போதுமானது. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்ற கணக்கில் 56 லிட்டர் கொள்ளும். மண்ணும் கூழாங்கல்லும் இட்டு, மேலே ஓர் அங்குலம் விட்டால் சுமார் 40 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைவிடச் சிறிய தொட்டி வாங்குவது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் தண்ணீர் குறைந்தால் அது விரைவில் கெடும், விரைவில் சூடேறும். பெரிய தொட்டியோ பராமரிக்க முடியாமல் போகும்.

நிரப்பிய தொட்டி 75 முதல் 80 கிலோ எடை இருக்கும். அதாவது ஒரு நெல் மூட்டை. ஆடுகிற மேசையில் வைக்கக் கூடாது. இரண்டரை அடி உயரமுள்ள இரும்பு அல்லது மரத் தாங்கியில், அடியில் தெர்மாகோல் தகடு விரித்து வைக்க வேண்டும். இந்த உயரத்தில் வைத்தால் நாற்காலியில் அமர்ந்தபடியே மீன்களைப் பார்க்கலாம். நின்றால் கை எட்டும்; முக்காலி மீது ஏற வேண்டியதில்லை. பெரியவர்கள் முக்காலி மீது ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மீன் தொட்டி தந்த மகிழ்ச்சி எதற்கு உதவும்?

வெயில் நேராகப் படும் சன்னல் ஓரம் ஆகாது. பச்சைப் பாசி படர்ந்து கண்ணாடி தெரியாமல் போகும். தொட்டியின் பின்புறம் கறுப்புக் காகிதம் ஒட்டுவது நல்லது. கண்புரை உள்ளவர்களுக்கும் சிவப்பு, ஆரஞ்சு மீன்கள் அந்தக் கறுப்பின் முன் எடுப்பாகத் தெரியும்.

மின் இணைப்பில் கவனம் தேவை. விளக்கு, பம்பு ஆகியவற்றின் கம்பி பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி, வளைந்து மேலே ஏற வேண்டும். அப்போதுதான் கம்பி வழியே வழியும் தண்ணீர் பிளக்கிற்குள் போகாது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இல்லையென்றால், தொட்டி வாங்குவதற்கு முன் அதைப் பொருத்திக்கொள்வது அவசியம். தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

மண்ணும் நடவும்

அடியில் ஓர் அங்குலம் சலித்த செம்மண், அதன் மேல் ஒன்றரை அங்குலம் நன்கு கழுவிய சிறு ஆற்றுக் கூழாங்கல் இட வேண்டும். மேலே கல் மூடியிருந்தால் மண் கலங்காது. உரமிட்ட வயல் மண்ணையும் பூச்சி மருந்து தெளித்த தோட்ட மண்ணையும் எடுக்கக் கூடாது. தொழுவுரம் கலக்கக் கூடாது. செடி வளரட்டும் என்று ஒரு பிடி யூரியாவோ டி.ஏ.பி.யோ போட்டுவிட்டால் அன்றே மீன்கள் மடியும். பயிருக்குச் செய்து பழகிய கை இதைச் செய்யத் துணியும் என்பதால் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் அமோனியாவின் நச்சுத்தன்மை மேலும் கூடும்.

செடிகளை முதல் நாளே அடர்த்தியாக நட வேண்டும். தரையில் மூன்றில் இரண்டு பங்காவது மறைய வேண்டும். பின்வரிசைக்கு வாலிஸ்னேரியா 12 முதல் 15 நாற்று. இதன் குருத்து மண்ணில் புதையக் கூடாது. வேர் மட்டும் புதைய வேண்டும். நடுவில் கிரிப்டோகோரைன் நான்கைந்து. இலங்கை ஓடைகளில் வளரும் வகைகளும் இதில் உண்டு. நட்ட முதல் இரண்டு வாரத்தில் இதன் இலைகள் கரைந்து விழலாம். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடக் கூடாது. நாற்று வேர் பிடிக்கும் வரை வாடுவது போன்றதுதான் இது. கிழங்கிலிருந்து புது இலை வரும். ஜாவா பெரணியையும் அனுபியாசையும் மண்ணில் நடாமல் கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டி வைக்க வேண்டும். இவை மெதுவாக வளர்பவை, குறைந்த வெளிச்சத்திலும் தாக்குப்பிடிப்பவை. முதல் மாதத்திற்கு வேலம்பாசியை ஒரு கைப்பிடி மிதக்கவிட்டால் வேகமாக வளர்ந்து தண்ணீரின் நஞ்சை உறிஞ்சும். பிறகு வேண்டிய அளவு கழித்துவிடலாம்.

ஏரியிலிருந்தோ கிணற்றிலிருந்தோ செடி கொண்டுவருவோர் அதில் அட்டையும் தும்பிப் புழுவும் ஒட்டி வரும் என்பதை மறக்கக் கூடாது. தும்பிப் புழு சிறு மீன்களைப் பிடித்துத் தின்னும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த வெளிர் ரோஜா நிறத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி நட வேண்டும்.

கரியமில வாயு சிலிண்டர், விலை உயர்ந்த வெளிநாட்டு மண் என்று கடையில் காட்டுவார்கள். மேலே சொன்ன செடிகளுக்கு அவை தேவையில்லை. 10 முதல் 15 வாட் எல்.இ.டி. விளக்கும், அதைத் தானாக ஏற்றி அணைக்கும் டைமரும் போதும். தினம் 6 அல்லது 7 மணி நேரம் எரிந்தால் சரி. பெரியவர்கள் கூடத்தில் உட்காரும் நேரத்தை ஒட்டி, மாலை 3 மணி முதல் இரவு 9.30 வரை என்பது போல அமைத்துக்கொள்ளலாம்.

எந்தத் தண்ணீர்?

குழாயில் வரும் குடிநீரில் குளோரின் இருக்கும். அது மீனையும் கொல்லும், நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். அகன்ற வாளியில் பிடித்து, மெல்லிய துணியால் மூடி, ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். கொசு முட்டையிடாமல் இருப்பதற்கே துணி. போர் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் நிலத்தடியிலிருந்து வருவதால் பிராணவாயு குறைந்திருக்கும். அதையும் ஒரு நாள் காற்றாட வைத்துத்தான் விட வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினத் தண்ணீர் என்று வருந்த வேண்டாம். கப்பி, மாலி, பிளாட்டி ஆகிய மீன்கள் அத்தகைய தண்ணீரையே விரும்புகின்றன, வாலிஸ்னேரியாவும் அப்படியே. ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானது என்று அதை மட்டும் நிரப்புவது தவறு. மீனுக்கும் செடிக்கும் வேண்டிய உப்புகள் அதில் இல்லை.

கூழாங்கல் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மீது மெல்ல ஊற்றினால் மண் கலங்காது. ஸ்பாஞ்சு பில்டரையும் ஒரு சிறு காற்றுப் பம்பையும் இணைத்து ஓடவிட வேண்டும். பம்பைத் தண்ணீர் மட்டத்திற்கு மேலே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கும். பம்பின் அடியில் துணியை மடித்து வைத்தால் இரைச்சல் பெரியவர்களின் தூக்கத்தைக் கெடுக்காது.

இந்த நிலையில் மீன் விடாமல் மூன்று நான்கு வாரம் வைத்திருக்க வேண்டும். நாளுக்கு ஒரு சிட்டிகை தீனியை மட்டும் போட்டு வந்தால் பாக்டீரியாவுக்கு உணவாகும். நண்பர் வீட்டில் நல்ல தொட்டி இருந்தால் அதன் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை ஒரு குவளை வாங்கி ஊற்றலாம். தயிருக்கு உறை ஊற்றுவது போல அது வேலையைத் துரிதப்படுத்தும். அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்பதைச் சொட்டு மருந்துச் சோதனையால் அறிந்த பிறகே மீன் விட வேண்டும். காத்திருக்கும் இந்த ஒரு மாதம் வீணல்ல. புதுத் தளிர் வருவதைப் பார்ப்பது பயிர் வளர்த்தவர்களுக்குப் பிடித்தமான காரியமே.

மீன்கள்

அம்பத்தூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்கும் வளர்ப்புக்கும் பெயர் பெற்ற இடம். அங்கே நூறு வகை கண்ணைப் பறிக்கும். வாங்கப் போகிறவர் இன்னதுதான் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

இந்தத் தொட்டிக்கு ஆண் கப்பி மீன்கள் ஆறு போதும். முதலில் மூன்று, இரண்டு வாரம் கழித்து மூன்று. பெண் மீன்களையும் சேர்த்தால் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போட்டுத் தொட்டி நிறைந்துவிடும். வாங்கி வந்த பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். தொட்டியின் மேல் வலை மூடி அவசியம். மீன் துள்ளி வெளியே விழுவதையும் பல்லி உள்ளே விழுவதையும் அது தடுக்கும்.

தங்க மீன் வேண்டாம். அது அரை அடிக்கு மேல் வளரக்கூடியது, கழிவு மிகுதி, செடியைப் பிடுங்கும். "டேங்க் கிளீனர்" என்று விற்கப்படும் சக்கர் மீனும் வேண்டாம். விரல் நீளத்தில் வாங்குவது ஓர் அடிக்கு மேல் வளரும். பெரிதாகிவிட்டதே என்று ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களால்தான் தமிழ்நாட்டின் நீர்நிலைகள் பலவற்றில் அது பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மீனவர்களின் வலையையும் கிழித்துக்கொண்டிருக்கிறது.

தீனியில்தான் ஆபத்து

முதியோர் வீட்டுத் தொட்டிகள் கெடுவதற்குப் பட்டினி காரணமல்ல, தீனி மிகுவதே காரணம். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டுப் பழகிய கை. மீனும் ஆள் வந்து நின்றால் போதும், கண்ணாடி ஓரம் கூடி வாயைத் திறக்கும். காலையில் அப்பா போட்டது தெரியாமல் அம்மா போடுவார். போட்டோமா இல்லையா என்ற ஐயத்தில் அப்பா மறுபடியும் போடுவார். சோற்றுப் பருக்கையும் இட்லித் துண்டும் விழும். தின்னாதது அழுகும்; ஒரு வாரத்தில் தண்ணீர் வெண்மையாகக் கலங்கும்.

இதைக் கண்டித்துத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அன்போடு செய்கிற காரியம் அது. வழி ஒன்று உண்டு. ஏழு நாளைக்கும் மாத்திரை போட்டு வைக்கும் சிறு பெட்டி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதில் ஒரு பெட்டியைத் தொட்டிக்கென்று வைத்து, ஆறு அறைகளில் மட்டும் ஒவ்வொரு சிட்டிகை தீனியை மகனோ மருமகளோ ஞாயிறுதோறும் இட்டு வைக்கலாம். தீனி டப்பாவை எடுத்து மறைவாக வைத்துவிட வேண்டும். அன்றைய அறை காலியாக இருந்தால் தீனி போட்டாகிவிட்டது என்று பொருள். ஏழாம் அறை காலி. அன்று மீனுக்கு விரதம். விரதம் என்று சொன்னால் பெரியவர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை. இந்தப் பெட்டி மருந்துப் பெட்டியோடு மாறிப்போகாமல் வேறு நிறத்தில், வேறு இடத்தில் இருப்பது முக்கியம். இரண்டு வேளை வேண்டும் என்று இருவருமே ஆசைப்பட்டால் சிட்டிகையைப் பாதியாக்கி, அப்பாவுக்கு ஒரு பெட்டி, அம்மாவுக்கு ஒரு பெட்டி வைக்கலாம். ஊருக்குப் போக நேர்ந்தால் ஒரு வாரம் தீனி இல்லாமலே வளர்ந்த மீன்கள் தாங்கும். பக்கத்து வீட்டாரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட அது மேல்.

பிள்ளைகள் செய்ய வேண்டியது

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாளி, அதாவது 10 லிட்டர் தண்ணீர் மாற்ற வேண்டும். முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லைத் தேய்த்துக் கழுவுவது பழைய பழக்கம். அதனால் பாக்டீரியா முழுவதும் போய், தொட்டி முதல் நாள் நிலைக்குத் திரும்பிவிடும். ஸ்பாஞ்சையும் குழாயடியில் கழுவாமல் எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும். நீண்ட குழாய் வைத்து உறிஞ்சுமுறையில் வாளியில் இறக்கினால் தரை நனையாது. நனைந்தால் உடனே துடைத்துவிட வேண்டும். வாளி தூக்கும் வேலையைப் பெரியவர்களிடம் விடக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும் கையில் வெட்டுக்காயம் உள்ளவர்களும் தொட்டிக்குள் கை விடக் கூடாது. நீரில் உள்ள கிருமி புண்ணைப் பெரிதாக்கலாம்.

கோடையில் தண்ணீர் சூடேறும்போது பிராணவாயு குறையும். ஐஸ் கட்டி போடக் கூடாது. நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்று படும்படி செய்தால் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். குறைந்த தண்ணீருக்கு ஈடாக ஆறவைத்த தண்ணீரை ஊற்றிவர வேண்டும். புயல் காலத்தை நினைத்தும் ஏற்பாடு செய்ய வேண்டும். 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னைப் புறநகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மீன் நெருக்கமாக உள்ள தொட்டிகள் அத்தகைய சமயத்தில் ஓர் இரவிலேயே காலியாகிவிடும். செடிகளும் இருட்டில் பிராணவாயுவை எடுத்துக்கொள்பவையே. மீன் ஆறோடு நிறுத்தச் சொல்வது இதனால்தான். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வாங்கி வைப்பது நலம். மின்சாரம் இல்லாத நாட்களில் தீனி போடக் கூடாது.

செடிகளைக் கொல்லையில் வளர்த்தல்

கிணறும் கொல்லையும் உள்ள சிறு விவசாயிகள் தொட்டிக்கு வேண்டிய செடிகளைத் தாங்களே பெருக்கலாம். பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்றில் மண்ணிட்டு, அரை நிழலில் வைத்தால் வாலிஸ்னேரியா ஓடுவேர் விட்டுப் பரவும். கொசுப் புழுவைத் தின்ன அதிலும் நாலைந்து கப்பிகளை விட வேண்டும். மழைக்காலத்தில் தொட்டி வழிந்து மீன்கள் வாய்க்காலுக்குப் போகாதபடி வலை கட்டுவது அவசியம். 2020-ம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்புக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் தர வகை செய்யப்பட்டது. தொழிலாகச் செய்ய விரும்புவோர் இப்போது என்ன உதவி உண்டு என்பதை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டு அறிந்துகொள்ளலாம்.

தொட்டியிலிருந்து எடுக்கும் 10 லிட்டர் தண்ணீரில் தழைச்சத்து இருக்கிறது. அதைச் சாக்கடையில் விடாமல் மல்லிகைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றலாம். கழித்த வேலம்பாசியை வாய்க்காலில் எறியாமல் எருக்குழியில் போட வேண்டும்.